தடித்த போன்சாய்த் தண்டு: வளைப்பதா, பிளப்பதா, வெட்டி வளர்ப்பதா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். மொட்டை மாடியில் ஒன்பது வருடமாக வைத்திருக்கும் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்ற ஆல் இன மரம். அடிமரம் 4 செ.மீ. தடிமன். உலக்கை மாதிரி நேராக நிற்கிறது, 30 செ.மீ. உயரம் வரை ஒரு கிளைகூட இல்லை. "இதை இனிமேல் வளைக்க முடியுமா, இல்லை இப்படியே விட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தார். அதே மாதம் கொடைக்கானலிலிருந்து ஒருவர் 2.5 செ.மீ. தண்டுள்ள ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தைப் பற்றிக் கேட்டார். கடலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், தொட்டியில் வளர்க்கும் சவுக்குக்காகக் கேட்டார். அது 3 செ.மீ.

கேள்வி ஒன்றுதான். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒரு மரமாவது போய்விடும். போதுமான பலமும் நல்ல இரும்பும் இருந்தால் பெரும்பாலான தண்டை வளைத்துவிடலாம். வளைத்த பிறகு மரம் தேறுமா, அதற்கு எத்தனை மாதம் ஆகும், அத்தனை மாதமும் நம்மால் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதை வைத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## கம்பியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தடிமன். கண் மதிப்பு ஏமாற்றும். வளைக்கப்போகும் இடத்தில் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். தண்டின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்காக ஏறும். அதாவது 1 செ.மீ. தண்டைவிட 2 செ.மீ. தண்டு 16 மடங்கு விறைப்பு, 3 செ.மீ. தண்டு 81 மடங்கு. "போன வருடம் கையாலேயே வளைந்ததே" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு வருடத்தில் தண்டு கொஞ்சம்தான் பருத்திருக்கும், விறைப்பு அதைவிடப் பல மடங்கு கூடியிருக்கும்.

வளைவு எவ்வளவு கூர்மை. 4 செ.மீ. தண்டை 20 செ.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்பக்கம் பத்து சதவீதம் நீள வேண்டும், உள்பக்கம் அதே அளவு சுருங்க வேண்டும். நசுங்குவதை மரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நீள்வதைப் பொறுக்காது, வெடிக்கும். அதனால் பாதுகாப்பு எப்போதும் வெளிப்பக்கத்துக்குத்தான் வேண்டும்.

என்ன மரம். ஆல், இச்சி போன்ற ஃபைகஸ் வகைகள் எல்லாம் பழைய மரத்திலிருந்தும் துளிர்க்கும், காயமும் வேகமாக மூடும். காகிதப்பூவும் மாதுளையும் முற்றிவிட்டால் வளையாது, முறியும். ஜூனிபரின் மரம் நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் பச்சை இல்லாத மொட்டைக் கட்டையிலிருந்து துளிர்க்காது. சவுக்கும் அடிக்கட்டையிலிருந்து சரியாகத் துளிர்க்காது.

உடல்நிலை. கடந்த இரண்டு மாதத்தில் புதுத் துளிர் விட்டிருக்கிறதா? இந்த வருடம் தொட்டி மாற்றினீர்களா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றாலோ இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றாலோ, இந்த வருடம் தண்டில் கை வைக்க வேண்டாம்.

## வழி 1: நட்டிருக்கும் கோணத்தை மாற்றுவது

தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே செங்கல் துண்டு வைத்து, மரத்தை 20, 30 பாகை சாய்த்து ஒரு வாரம் பாருங்கள். நேரான தண்டு சாய்ந்த தண்டாகிவிடும், நுனியை மட்டும் மெல்லிய கம்பியால் நிமிர்த்தினால் போதும். பாதிப் பேருக்கு இதுவே தீர்வு. அடுத்த முறை தொட்டி மாற்றும்போது அந்தக் கோணத்தில் நட்டுவிடலாம். ஒரு பக்க வேர் வெளியே தெரியும், அதை மூட ஒரு வருடம் ஆகும். செலவு அவ்வளவுதான்.

## வழி 2: கனத்த கம்பி மட்டும்

தண்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பி வேண்டும் என்பது பழைய கணக்கு. 6 மி.மீ. அலுமினியக் கம்பியைக் கையால் சுற்றுவதே பெரும்பாடு. அதன்படி பார்த்தால் 2 செ.மீ. வரைக்கும்தான் இந்த வழி.

தடித்த கம்பி கிடைக்காதபோது மெல்லிய கம்பிகளைச் சேர்த்துச் சுற்றுவார்கள். கம்பிக்கும் அதே நான்காம் அடுக்குக் கணக்குதான். 3 மி.மீ. கம்பி இரண்டு சேர்ந்தாலும் ஒரு 4 மி.மீ. கம்பியின் பிடிப்பு வராது. 162க்கு 256 என்ற விகிதம்.

செம்புக் கம்பி அதே தடிமனுக்கு அலுமினியத்தைவிட நன்றாகப் பிடிக்கும். வீட்டு வயரிங் கம்பியை உரித்துப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, ஆறவிட்ட பிறகு சுற்றுங்கள். அப்போது கம்பி மெழுகு போல வளையும், வளைத்ததும் விறைத்துக்கொள்ளும். தவறாகச் சுற்றிவிட்டால் மறுபடி அவிழ்த்துச் சுற்ற முடியாது என்பதுதான் சங்கடம்.

மறைந்திருக்கும் செலவு, தழும்பு. பங்குனி, சித்திரையில் ஃபைகஸ் வளரும் வேகத்துக்கு நாலைந்து வாரத்தில் கம்பி பட்டையில் புதைந்துவிடும். வாரம் ஒரு முறை பாருங்கள். எடுக்கும்போது சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

## வழி 3: சுற்றுக்கட்டு, இரும்புக் கம்பி, இழுகம்பி

2 செ.மீ.க்கு மேல், மரத்தை வெட்டாமல் வளைக்க வேண்டுமென்றால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. வேலை அதிகம், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தவும் பின்வாங்கவும் இடம் இருக்கிறது.

முதலில் சுற்றுக்கட்டு. மடகாஸ்கரில் விளையும் ராஃபியா பனையின் ஓலைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கிச் சுற்றுவது வழக்கம். இங்கே அது எளிதில் கிடைக்காது. நான் வாழைநாரை முயன்று பார்த்தேன். வெயில் காலத்தில் சரியாக இருந்தது, ஐப்பசி மழையில் மக்கிப் போனது. இப்போது பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துச் சுற்றுகிறேன். சுற்றும் முன், வளைவின் வெளிப்பக்கமாக வரப்போகும் பகுதியில் 3 மி.மீ. கம்பிகள் மூன்று நான்கை நீளவாக்கில் ஒட்டி வைத்துவிடுவேன். பட்டை வெடிக்காமல் தாங்குவது அந்தக் கம்பிகள்தான்.

அப்புறம் நெம்புகோல். கட்டட வேலைக்கு வரும் 8 மி.மீ. முறுக்குக் கம்பியில் இரண்டு துண்டு போதும். ஒன்றைத் தண்டின் அடிப்பகுதியோடும் இன்னொன்றை மேல்பகுதியோடும் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் விடும் இடைவெளியில்தான் வளைவு விழும். மேல் கம்பியை அரை மீட்டர் மேலே நீட்டிவிட்டு, அதன் நுனியை டர்ன்பக்கிள் (திருகத் திருக நீளம் குறைந்து இழுக்கும் திருகுக் கொக்கி) வழியாகத் தொட்டியோடு இணைத்து இழுக்க வேண்டும். கம்பி படும் இடத்திலெல்லாம் ரப்பர் வைக்க மறக்காதீர்கள்.

முந்தைய நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் தண்டு கொஞ்சம் துவண்டு கொடுக்கும். இழுக்கும் முன் தண்டை லேசாக முறுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

போன மாசியில் ஒரு 3 செ.மீ. இச்சியை இப்படி இழுத்தேன். டர்ன்பக்கிளை அரைச் சுற்றுத் திருப்புவது, கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பது, மறுபடி அரைச் சுற்று. நான்காவது முறை உள்பக்கத்துப் பட்டையில் முழங்கை மடிப்பு போலச் சின்னச் சுருக்கங்கள் விழுந்தன. ஐந்தாவது முறை, வெளிப்பக்கத்து ரப்பர்ச் சுற்றின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பால் துளி, அதற்கு ஒரு விரல்கடை தள்ளி இன்னொன்று. அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் தொடர்ந்தபோது அதே இடத்தில் பால் வரவில்லை. மொத்தம் நான்கு தவணையில் 45 பாகை கிடைத்தது. பால் வராத மரங்களில் காதைத்தான் நம்ப வேண்டும். மெல்லிய முனகல் வந்தால் பரவாயில்லை. 'டக்' என்று கேட்டால் நிறுத்தி, விரிசல் வாய் மூடும் அளவுக்குத் தளர்த்தி, பசை பூசிச் சுற்றிவிடுங்கள்.

இதில் பலரும் யோசிக்காத செலவு வேரில் இருக்கிறது. இழுவிசை முழுவதும் கடைசியில் வேர்க்கட்டிக்குத்தான் போகிறது. தொட்டியோடு வேரைக் கம்பியால் கட்டாமல் இழுத்தால் தண்டு வளையாது, மரம் பெயர்ந்து வரும். வேர் நன்றாகப் பிடித்த, குறைந்தது ஒரு வருடம் கலைக்காத தொட்டியாக இருக்க வேண்டும். அடுத்த செலவு இடம். மாதக்கணக்கில் அரை மீட்டர்க் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தொட்டியைக் குழந்தைகள் கை படாத இடத்தில் வைக்க வேண்டும்.

## வழி 4: ஆப்பு வெட்டு

வளைவின் உள்பக்கத்தில் 'வி' வடிவத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வாயை மூடும்படி மடக்குவது. 4 செ.மீ. தண்டில் பாதி ஆழம், அதாவது 2 செ.மீ., வாய் அகலம் 7 மி.மீ. என்று வெட்டினால் ஒரு வெட்டுக்கு 20 பாகை கிடைக்கும். இரண்டு வெட்டைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தால் 40. முழு விறைப்போடு போராட வேண்டாம், மிச்சமிருக்கும் பாதி மரம் கீல் போல மடங்கும்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் கேம்பியம் என்ற பச்சைப் படலம் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் தொட வேண்டும். தொட்டால் ஒட்டும், ஒரு நூலிழை விலகினாலும் பள்ளமாகவே நிற்கும். மெல்லிய பல்லுள்ள ரம்பம், அதன்பின் கூர்மையான கத்தியால் ஒரு சீவல் என்று இரண்டும் வேண்டும். ரம்பம் கிழித்த முகம் அப்படியே ஒட்டாது.

வெட்டிய பக்கத்து நீர்க்குழாய்கள் அறுந்துபோகும். ஃபைகஸ் பக்கவாட்டில் வழி தேடிக்கொள்ளும். ஜூனிபரில் ஒரு பக்கத்து வேர் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிளைக்குத்தான் நீர் கொடுக்கும், அந்த உயிர்ப்பட்டையை வெட்டினால் மேலே ஒரு கிளை காய்ந்துவிடும். ஜூனிபருக்கு இந்த வழியை நான் சொல்வதில்லை.

## வழி 5: தண்டைப் பிளப்பது

நீளவாக்கில் தண்டை இரண்டாகப் பிளந்து, கட்டி, வளைப்பது. நடுவில் துளைபோட்டு மரத்தை எடுத்தால் இளகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பாதி விட்டத்துக்கு உள்ளே குடைந்து எடுத்தாலும் விறைப்பில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். குழாய் ஏன் அவ்வளவு பலமாக இருக்கிறதோ, அதே காரணம். இரண்டு பாதியாகப் பிளந்தால் விறைப்பு பழைய அளவில் சுமார் 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஆனால் பிளவு சரியான திசையில் இருக்க வேண்டும். புத்தகத்தை வளைக்கும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைப் போல இரண்டு பாதிகளும் வழுக்க வேண்டும். பிளவைத் திசை மாற்றிப் போட்டுவிட்டால் மரம் காயப்பட்டதுதான் மிச்சம், விறைப்பு அப்படியே இருக்கும்.

இரண்டு பாதிக்கும் கீழே சொந்த வேரும் மேலே சொந்த இலையும் இருந்தாக வேண்டும். மழைக்காலத்தில் பிளவுக்குள் தண்ணீர் இறங்கி அழுகும். உங்களுடைய முதல் தடித்த தண்டில் இதைச் செய்யாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு நர்சரி மரத்தில் பழகிய பிறகு பார்க்கலாம்.

## வழி 6: வளைக்காமல் வெட்டி வளர்ப்பது

சீனாவின் குவாங்டாங் பகுதியில் வளர்ந்த லிங்னான் மரபு, கம்பியை நம்பாமல் வெட்டியும் வளரவிட்டும் தண்டுக்குத் திருப்பம் கொடுக்கும் மரபு. அங்கேயும் சூடும் மழையும் அதிகம், மரம் வேகமாக வளரும். நம் ஊரில் ஃபைகஸ் வளர்ப்பவருக்கு ஜப்பானிய ஜூனிபர் பாடத்தைவிட இதுதான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்டை வேண்டிய உயரத்தில் சாய்வாக வெட்டி, அதன் கீழே வரும் துளிர்களில் சரியான திசையில் போகும் ஒன்றைத் தலைமைத் தண்டாக விட வேண்டும். அது கீழ்த்தண்டின் பாதித் தடிமனுக்கு வந்ததும் மறுபடி வெட்டி, எதிர்த் திசைத் துளிரை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரு திருப்பம். அடி பருத்து நுனி சிறுக்கும் வடிவமும் சேர்ந்து வரும். வளைத்தால் அது வராது. உலக்கையை வளைத்தால் வளைந்த உலக்கைதான் கிடைக்கும்.

செலவு, காலம். ஒரு 4 செ.மீ. ஃபைகஸ் பார்க்கும்படி ஆக மூன்று முதல் ஐந்து வருடம். வெட்டு முகமும் பெரிது, அது உருண்டு மூட அதே காலம் ஆகும், அதுவரை அந்தப் பக்கத்தைப் பின்னால் திருப்பி வைக்க வேண்டும். மொட்டைக் கட்டைக்கு போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) பூசலாம். ஆப்பு வெட்டின் ஒட்டுமுகத்துக்குள் மட்டும் அதைப் பூசிவிடாதீர்கள், ஒட்ட விடாது.

## ஒரு பார்வையில்

| வழி | எந்தத் தடிமனுக்கு | எந்த மரத்துக்கு | மறைந்த செலவு | தேறும் காலம் |
|---|---|---|---|---|
| கோணம் மாற்றுதல் | எதற்கும் | எல்லாவற்றுக்கும் | வெளியே தெரியும் வேர் | ஒரு வருடம் |
| கம்பி மட்டும் | 2 செ.மீ. வரை | வளைந்து கொடுக்கும் எதுவும் | தழும்பு | சில மாதம் |
| நெம்புகோல், இழுகம்பி | 2 – 4 செ.மீ. | ஜூனிபர், ஃபைகஸ், இளஞ்சவுக்கு | வேர்ப் பிடிப்பு, இடம் | ஃபைகஸ் 6 மாதம், ஜூனிபர் 2 வருடம் வரை |
| ஆப்பு வெட்டு | 3 செ.மீ.க்கு மேல் | ஃபைகஸ் வகை | ஒட்டாத பள்ளம் | ஒரு வருடம் |
| பிளத்தல் | 3 செ.மீ.க்கு மேல் | நன்றாகக் கைப்பழகிய பிறகு | அழுகல் | ஒரு வருடத்துக்கு மேல் |
| வெட்டி வளர்த்தல் | எதற்கும் | ஃபைகஸ், காகிதப்பூ, புளி | காலம், பெரிய வெட்டுமுகம் | 3 – 5 வருடம் |

## அந்த மூன்று மரங்கள்

மதுரை ஃபைகஸை வெட்டச் சொன்னேன். ஆனால் ஒன்பது வருடம் தண்ணீர் ஊற்றிய கைக்கு அந்தத் தலையைத் தூக்கி எறிய மனம் வராது, எறியவும் வேண்டாம். 12 செ.மீ. உயரத்துக்குச் சற்று மேலே பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தென்னை நார்க்கழிவு வைத்து, பாலித்தீன் சுற்றி விண்பதியம் போட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் வந்துவிடும். அப்புறம் வெட்டினால் கீழே ஒரு மரம், மேலே ஒரு மரம். மேல்மரம் ஏற்கெனவே கிளையோடு இருக்கிறது, ஒருவேளை அதுதான் சீக்கிரம் நல்ல போன்சாய் ஆகும்.

கொடைக்கானல் ஜூனிபருக்கு வழி 3. வெட்டினால் துளிர்க்காது, ஆப்பு கூடாது, குளிர்ந்த ஊர் என்பதால் மரம் நிதானமாகத் தேறும். மாதம் ஒரு தவணை, அதற்கு மேல் வேண்டாம்.

சவுக்கைப் பற்றி நண்பரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன், கீழே பச்சையாக ஒரு கிளை இருக்கிறதா என்று. இருந்தது. அந்தக் கிளைக்கு மேலே வெட்டி, அதையே புதுத் தலைமைத் தண்டாக நிமிர்த்தச் சொன்னேன். பென்சில் கனத்தில் இருப்பதால் கம்பிக்கு நன்றாகவே வளையும். அது இல்லாமல் இருந்திருந்தால் கோணம் மாற்றுவதோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

## வளைத்த பிறகு

எந்த முறையானாலும் வளைத்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். நான் ஒருமுறை ஒரே நாளில் ஜூனிபரை வளைத்து, வேரையும் கவாத்து செய்து, புதுத் தொட்டியில் வைத்தேன். ஐந்து வாரம் பச்சையாகவே இருந்தது, தேறிவிட்டது என்று நினைத்து உரமும் போட்டேன். ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது நுனியில் கை பட்டது, காய்ந்த துளசி போலச் சொரசொரவென்று உதிர்ந்தது. ஜூனிபர் செத்த பிறகும் பல வாரம் பச்சையைக் காட்டும். நிறத்தை நம்பாமல் நுனியைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சியாக, வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும்.

வளைத்த மரத்தின் இலையைக் குறைக்கவும் கூடாது. காயத்தை மூடும் உணவு அந்த இலையிலிருந்துதான் வருகிறது. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காற்று அடிக்காத மூலையில், முதல் ஒரு மாதம் வையுங்கள். காற்றில் ஆடினால் ஒட்டத் தொடங்கிய திசு திரும்பத் திரும்பக் கிழியும். இலைமேல் காலையும் மாலையும் தெளிக்கலாம். தொட்டியில் மட்டும் வழக்கத்தைவிடக் குறைவாக ஊற்றுங்கள். அடிபட்ட மரம் குறைவாகத்தான் குடிக்கும், ஈரம் தேங்கினால் வேர் அழுகும். புதுத் துளிர் வந்து இலை விரியும்வரை புண்ணாக்குக் கரைசலோ வேறு உரமோ வேண்டாம்.

காலமும் முக்கியம். தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் ஃபைகஸை வளைத்தால் வளர்ச்சிப் பருவம் முழுவதும் கையில் இருக்கும். கத்திரி வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் செய்யாதீர்கள்.

கட்டுகளை எப்போது அவிழ்ப்பது? வளைவைத் தாங்கி நிற்கப்போவது இனிமேல் வளரும் புது மர வளையம்தான், அது உருவாகும்வரை கம்பி அதன் வேலையைச் செய்கிறது. தண்டின் நுனிக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நூல் பிடித்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டர்ன்பக்கிளை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நூல் அதே நீளத்தில் இருந்தால் கம்பியை எடுக்கலாம். ஒரு செ.மீ. கூடியிருந்தால் பழைய இடத்துக்கு இறுக்கி இன்னும் மூன்று மாதம் விடுங்கள். இச்சியில் முதல் சோதனையில் இரண்டு செ.மீ. கூடியிருந்தது, ஆவணியில் செய்த இரண்டாவது சோதனையில் நூல் அசையவில்லை. ரப்பரை உரித்துப் பார்த்தேன். பால் துளி வந்த அந்த இடத்தில் விரிசல் இல்லை, தடித்த உதடு போல ஒரு வரி மட்டும் இருந்தது.